வளாகத்துக்குள் ஒரு சின்னப் பள்ளிக்கூடம்: ஆய்வுகூடப் பள்ளி பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் முப்பத்தொரு வருடம் யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவு படிப்பித்தவள். இளைப்பாறிய பிறகு, சனிக்கிழமைக் காலைகளில் திருநெல்வேலியிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் அயல் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பயிற்சியில் இருக்கும் இளம் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேரும் வந்து ஓரமாக இருந்து பார்ப்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள பரமேஸ்வராச் சந்தியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் "இந்த வளாகத்துக்குள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தால்" என்று நான் சொல்வது கேட்டுப் பழகியவர்கள் பலர். அவர்கள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இது சேர்க்கை அறிவித்தல் அல்ல. நான் மிகவும் ஆசைப்படும் ஒன்றைப் பற்றிய விளக்கம்.

ஆய்வுகூடப் பள்ளி என்றால் என்ன, ரீச்சர்?

பல்கலைக்கழகம் ஒன்று தன் வளாகத்திலேயே நடத்தும் சிறிய பாடசாலை. வழமையான பாடசாலை போலவே பிள்ளைகள் காலையில் வருவார்கள், படிப்பார்கள், விளையாடுவார்கள், மதியம் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அங்கே இன்னும் இரண்டு கூட்டத்தார் இருப்பார்கள். ஆசிரியராக வரப்போகிறவர்கள் வருடக்கணக்கில் அந்த வகுப்புகளில் இருந்து பார்த்தும் செய்தும் பழகுவார்கள். பிள்ளை எப்படிக் கற்கிறது என்று ஆராய்கிறவர்கள் அந்த வகுப்பு ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்வார்கள்.

மருத்துவ பீட மாணவருக்குப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நோயாளியின் கட்டிலடியில் நின்று படிக்காத ஒருவரை வைத்தியர் என்று நாம் ஏற்போமா? விவசாய பீடத்துக்குக் கிளிநொச்சியில் நிலம் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கும் பிள்ளைகள் கிட்ட இருக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

பிள்ளைகளை எலி மாதிரி வைத்துப் பரிசோதிப்பார்களா?

அம்மாமார் முதலில் கேட்பது இதைத்தான். பெயரிலுள்ள "ஆய்வுகூடம்" என்ற சொல் வெள்ளை அங்கியையும் ஊசியையும் நினைவுபடுத்திவிடுகிறது.

நல்ல ஆய்வுகூடப் பள்ளியில் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எந்த ஆய்வும் நடக்காது. பிள்ளை "எனக்கு விருப்பமில்லை" என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள், ஒரு பிள்ளை கதை சொல்வதைக் கேட்பது, கணக்குச் செய்யும்போது விரலை மடிக்கிறதா என்று பார்ப்பது, கட்டைகளை அடுக்கும்போது யாரோடு பேசுகிறது என்று குறிப்பது போன்றவை. அங்கே பரிசோதிக்கப்படுவது படிப்பிக்கும் முறை. அது சரிவரவில்லை என்றால் முறையை மாற்றுவார்கள். நமது வகுப்புகளில் முறை அப்படியே நிற்க, பிள்ளைதான் "படிக்க மாட்டாத பிள்ளை" ஆகிறது. இரண்டில் எது கொடுமை என்று நானும் அம்மாமாரிடம் திருப்பிக் கேட்பதுண்டு.

இதை முதலில் யார் தொடங்கினார்கள்?

இந்தக் கேள்விக்கு நான் நீட்டித்தான் பதில் சொல்வேன்.

ஜோன் டூயி என்ற தத்துவப் பேராசிரியர் 1894 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். தத்துவம், உளவியல், கல்வியியல் மூன்றும் அவருடைய துறையில் இருந்தன. பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஆய்வுகூடம் இருப்பது போலக் கல்வியியலுக்கும் வேண்டும் என்பது அவர் வாதம். 1896 தை மாதம் 16 பிள்ளைகளோடும் 2 ஆசிரியர்களோடும் பள்ளி தொடங்கியது. பதினாறே பிள்ளைகள். எங்கள் விறாந்தையில் இன்னும் நாலு பேரைக் கூட்டினால் அந்தக் கணக்கு வந்துவிடும். அவருடைய மனைவி அலிஸ் பின்னர் அதன் அதிபரானார். "ஆய்வுகூடப் பள்ளி" என்ற பெயரை எடுத்துக் கொடுத்தவர் எலா ஃபிளாக் யங் என்ற ஆசிரியை. அவரே 1909 இல் சிக்காகோ நகரப் பாடசாலைகள் முழுவதற்கும் பொறுப்பாளராக வந்தார்.

பள்ளிக்கு மேசை வாங்க டூயி நகரமெல்லாம் அலைந்தாராம். ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்: நீங்கள் பிள்ளைகள் வேலை செய்ய மேசை தேடுகிறீர்கள், இங்கே இருப்பதெல்லாம் இருந்து கேட்பதற்கான மேசைகள். டூயி இதை எழுதி வைத்து நூற்றிருபது வருடத்துக்கு மேலாகிறது. நமது பாடசாலை வாங்குகளைப் போய்ப் பாருங்கள். வரிசையாக, கரும்பலகையைப் பார்த்தபடி, ஐந்து பிள்ளைகள் முழங்கை முட்ட இருக்கும் நீள வாங்குகள். அதில் வைத்து ஒரு பப்பாசிப் பழத்தை வெட்டி விதை எண்ண முடியாது.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், தைத்தார்கள், மரவேலை செய்தார்கள். இதெல்லாம் தொழில் பழக்குவதற்காக அல்ல. சோறு, துணி, வீடு என்ற மூன்றையும் மனிதர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தங்கள் கையாலேயே திரும்பச் செய்து பார்ப்பதற்காக. ஒரு குழுவிடம் ஆட்டு உரோமத்தையும் செடியில் பறித்த பருத்தியையும் கொடுத்தார்கள். பிள்ளைகள் அரை மணி நேரம் இருந்து கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்தார்கள். கிடைத்தது ஓர் அவுன்சுக்கும் குறைவு, அதாவது 28 கிராம்கூட இல்லை. அங்கே கம்பளி முந்தியும் பருத்தி பிந்தியும் பரவியது ஏன் என்று அவர்களே கண்டுகொண்டார்கள். பிள்ளைகள் சொல்லும்வரை தனக்கும் அது தெரியாது என்று டூயி எழுதியிருக்கிறார். ஒரு பேராசிரியர் அப்படி எழுதியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதைப் படித்துவிட்டு நாங்களும் விறாந்தையில் செய்து பார்த்தோம். பக்கத்து வளவிலிருந்து இலவங்காயும், வேலியோரப் பருத்திக் காயும் எடுத்தோம். இலவங்காயை உடைத்து உலுக்கினால் விதைகள் பொலபொலவென்று கொட்டிவிடுகின்றன. பருத்தியில் பஞ்சு விதையோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. "இலவம் சுகமெண்டால் ஏன் ரீச்சர் இலவஞ் சட்டை இல்லை?" என்று ஒரு பெடியன் கேட்டான். உடனே பதில் சொல்லாமல் இரண்டையும் திரித்துப் பார்க்கச் சொன்னேன். பருத்தி நூலாய் வந்தது. இலவம் வழுக்கி வழுக்கி அறுந்தது. பதில் அவன் விரலிலேயே இருந்தது.

டூயி 1904 இல் சிக்காகோவை விட்டுப் போனார். நிர்வாகத்தோடு வந்த மனக்கசப்பு அது. பள்ளி மட்டும் இன்றும் இருக்கிறது, ஆனால் சிறியது அல்ல. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளும் பெரிய கட்டணமும். முதல் எட்டு வருடங்களில் இருந்த உயிர் அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அது வெள்ளைக்காரர் யோசனை. எங்கட மண்ணில் இதற்கு வேர் உண்டா?

உண்டு. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாலபாடங்களை அச்சிட்டது அதற்குப் பிறகுதான். எது முதல், எது பிறகு என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தது, பிறகு புத்தகம் வந்தது. இப்போது புத்தகம் மகரகமவிலுள்ள தேசியக் கல்வி நிறுவகத்திலிருந்து வருகிறது, பிள்ளையை அதற்கு ஏற்றபடி வெட்டுகிறோம்.

அதற்கு முன்பே 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் செமினரி தொடங்கியிருந்தார்கள். உயர்கல்வி என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் ஊன்றிய இடங்களில் அது முக்கியமானது. நமது பல்கலைக்கழகமே ஒரு பள்ளிக்கூட வளவில்தான் பிறந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் இடத்தில், 1974 இல், பேராசிரியர் கைலாசபதியை முதல் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. பள்ளிக்கூடம் இருந்த நிலத்தில் பல்கலைக்கழகம் வந்தது. அந்த நிலத்துக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பது பெரிய கேள்வியா?

ரொறன்ரோவில் தங்கச்சியின் பேரப்பிள்ளை அப்படி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறதாம். அதுவும் இதுதானா?

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் சிறுவர் கற்கை நிறுவகத்தின் பள்ளியாக இருந்தால், ஆம். 1920 களின் நடுவில் தொடங்கியது. முன்பள்ளியிலிருந்து தரம் 6 வரை, ஏறக்குறைய இருநூறு பிள்ளைகள். அங்கே முதுமாணிப் படிப்புச் செய்கிற பயிற்சி ஆசிரியர்களும் இருப்பார்கள். கட்டணம் உண்டு, காத்திருப்போர் பட்டியலும் உண்டு. இடம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று தங்கச்சிக்குச் சொல்லுங்கள்.

கடைசியில் இது விரிவுரையாளர்மாரின் பிள்ளைகளுக்கான பள்ளியாகத்தானே முடியும்?

இதுதான் நான் மிகவும் பயப்படும் கேள்வி. பல இடங்களில் அப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால் நீதிக்கு மட்டுமல்ல, ஆராய்ச்சிக்கும் கேடு. ஒரு கதை சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் பிங் முன்பள்ளி என்று ஒன்று இருக்கிறது. 1966 இல் தொடங்கியது. வோல்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற இனிப்புப் பரிசோதனையைச் செய்தார். பிள்ளையின் முன்னால் பஞ்சு போன்ற ஓர் இனிப்பு. இப்போதே சாப்பிடலாம். நான் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டு. சில பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் பாட்டுப் பாடினார்கள், சிலர் உடனே வாயில் போட்டார்கள். வருடங்கள் கழித்து, அதிக நேரம் பொறுத்த பிள்ளைகள் படிப்பிலும் மேலே நின்றார்கள் என்று தெரியவந்தது. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று நமது மேடைகளிலும் இதை எடுத்துப் பேசினார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் யார்? பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறவர்களினதும் படிக்கிறவர்களினதும் பிள்ளைகள். 2018 இல் வேறு ஆய்வாளர்கள் 900 க்கு மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. குடும்ப நிலை, வீட்டுச் சூழல், பிள்ளையின் ஆரம்பகாலத் திறன் என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டதும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. நாளைக்கும் வீட்டில் இனிப்பு இருக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பொறுப்பது சுகம். இருப்பதை இப்போதே சாப்பிடாவிட்டால் தம்பி எடுத்துவிடுவான் என்று தெரிந்த பிள்ளை உடனே சாப்பிடுவது புத்தி. முகாமில் வரிசையில் நின்று வளர்ந்த ஒரு தலைமுறையைப் படிப்பித்த எனக்கு இதை யாரும் ஆராய்ந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே என் நிபந்தனை ஒன்றுதான். சேர்க்கை, வளாகத்தைச் சுற்றியுள்ள வீடுகளிலிருந்து, திருவுளச் சீட்டு முறையில். பேராசிரியரின் மகளும், திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கிறவரின் மகனும், கோண்டாவில் செம்மண் தோட்டத்தில் புகையிலை நடுகிறவரின் பிள்ளையும், வளாகக் காவலாளியின் பிள்ளையும் ஒரே பாயில் இருக்க வேண்டும். பின்லாந்தில் ஆசிரியர் பயிற்சிக்கென்று பல்கலைக்கழகங்களோடு இணைந்த பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் அயல் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள், கட்டணமும் இல்லை. அதுவே எனக்குச் சரியான மாதிரி. இந்தியாவிலும் மைசூர், அஜ்மீர், போபால், புவனேஸ்வர் ஆகிய இடங்களிலுள்ள வட்டாரக் கல்வி நிறுவனங்களோடு செயல்விளக்கப் பள்ளிகள் இணைந்திருக்கின்றன. நாம் தனித்துப் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவார்களா?

தரம் 5 வரை பள்ளி என்றால் பிள்ளைகள் அந்தப் பரீட்சையை எழுதத்தான் போகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேலே வருவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுக்கிற இடம் ஆய்வுகூடப் பள்ளியே அல்ல.

ஆனால் ஒன்றைக் காட்டுகிறேன். தரம் 3 பிள்ளை ஒன்று 52 இலிருந்து 17 ஐக் கழித்து 45 என்று எழுதியிருந்தது. 63 இலிருந்து 28, விடை 45. 71 இலிருந்து 36, அதற்கும் 45. கொப்பி முழுக்கச் சிவப்புப் பேனையால் பிழை அடையாளம். ரியூசனில் இன்னும் இருபது கணக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த இருபதும் பிழை.

பக்கத்தில் இருந்து, "எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு எனக்கும் சொல்லித் தாங்கோ" என்றேன்.

"ஏழில இருந்து ரெண்டு போக அஞ்சு. அஞ்சில இருந்து ஒண்டு போக நாலு."

"ஏன் ஏழில இருந்து ரெண்டைக் கழிச்சனீங்கள்?"

"சின்னனைத்தானே ரீச்சர் பெரிசில இருந்து கழிக்க வேணும்?"

யாரோ ஓர் ஆசிரியர் தரம் 1 இல் நல்லெண்ணத்தோடு சொல்லிக் கொடுத்த விதி அது. பிள்ளை அதை நம்பி, ஒரு இடத்திலும் தவறாமல் பின்பற்றியிருக்கிறது. கவனக் குறைவு என்று ஒன்றும் இல்லை, மாறாக நூற்றுக்கு நூறு கவனம். ஈர்க்குக் கட்டுகளை எடுத்து, பத்துக் கட்டு ஐந்தும் தனி இரண்டும் வைத்து, "இதில இருந்து எனக்குப் பதினேழு தாங்கோ" என்றேன். பிள்ளை தனியாக இருந்த இரண்டையும் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு தானாகவே ஒரு கட்டை அவிழ்த்தது. அந்தக் கட்டு அவிழ்ந்த நேரத்தை ஒரு பயிற்சி ஆசிரியர் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பள்ளியைக் கேட்கிறேன்.

எங்களுக்குத்தான் ஏற்கெனவே கற்பித்தற் பயிற்சி இருக்கிறதே? (கேட்டவர்: ஒரு பயிற்சி ஆசிரியை)

இருக்கிறது. என் காலத்திலும் இருந்தது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மேற்பார்வைக்கு வருகிறவர் எந்த நாளில், எந்த மணிக்கு வருவார் என்று முதலே தெரிந்துவிடும். முதல் நாள் அதே பாடத்தை ஒரு தரம் நடத்தி, யார் கையை உயர்த்துவது, யார் என்ன பதில் சொல்வது என்று பழக்கிவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். மாட்டுத்தாளில் நிறம் நிறமாகப் படம். பாடக்குறிப்பு முத்து முத்தான எழுத்தில். வந்தவர் பின் வாங்கில் இருந்தார், படத்தைப் பார்த்தார், குறிப்பைப் பார்த்தார், ஒப்பமிட்டார், போய்விட்டார். ஒரு பிள்ளையின் கொப்பியையும் திறக்கவில்லை. எனக்கு நல்ல புள்ளி. அந்த வகுப்பில் வாசிக்கவே தெரியாத பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள் என்பது அவருக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது. அது எனக்கு இன்றுவரை ஆறாத கவலை.

சில வாரங்களுக்கு வந்து போகிறவரை எந்தப் பாடசாலையும் விருந்தாளியாகத்தான் நடத்தும். ஆய்வுகூடப் பள்ளியில் பயிற்சி ஆசிரியர் விருந்தாளி அல்ல. வருடம் முழுக்க அதே பிள்ளைகள். தை மாதம் பேசாத பிள்ளை ஆவணியில் எப்படிப் பேசுகிறது என்று பார்க்கக் கிடைக்கும். தேர்ந்த ஆசிரியர் பிழை விடுவதையும், மத்தியானம் எல்லோரும் கூடியிருந்து அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதையும் பார்க்கக் கிடைக்கும். நமது ஊரில் ஒரு மூத்த ஆசிரியர் "இண்டைக்கு நான் பிழை விட்டிட்டன்" என்று இளையவர் முன்னால் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

அதுவரைக்கும் நாங்கள் என்ன செய்யலாம்?

ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். நடுவில் கோடு கீறுங்கள். இடப்பக்கம் "கண்டது", வலப்பக்கம் "நினைத்தது". ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, பத்து நிமிடம்.

விறாந்தைக்கு வந்த ஒரு இளம் ஆசிரியர் முதல் நாள் இடப்பக்கத்தில் எழுதியது: "கவனமில்லாமல் இருந்தான்." அது கண்டது அல்ல, நினைத்தது. வலப்பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். அப்போ இடப்பக்கத்தில் என்ன? யோசித்து யோசித்து எழுதினார்: "பென்சிலை மூன்று தரம் சீவினான். எழுதிய சொல்லை றப்பரால் அழித்தான். ஜன்னல் பக்கம் பார்த்தான். திரும்பவும் அதே சொல்லை எழுதினான். 'ழ' வரும் இடத்தில் நின்றுவிட்டான்." இப்போது வலப்பக்கத்தைப் பார்த்தால் அந்த முடிவு நிற்கவில்லை. பெடியன் ஒரு எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். கவனம் இல்லாதவன் ஏன் மூன்று தரம் பென்சில் சீவுகிறான்?

இந்தப் பழக்கம் வர எனக்குப் பதினைந்து வருடம் எடுத்தது. யாராவது இருபத்திரண்டு வயதில் எனக்குச் சொல்லித் தந்திருந்தால், அந்த நாலு பிள்ளைகளை நான் தவறவிட்டிருக்க மாட்டேன்.

பள்ளி ஏன் சின்னதாக இருக்க வேண்டும்?

ஆசிரியர் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி இருந்து, எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிப் பேசக்கூடிய அளவுதான் அளவு. நூற்றிருபது பிள்ளைகளுக்கு மேலே போனால் அது நடக்காது. இது என் அனுபவக் கணக்கு.

இங்கே சட்டப்படி இது முடியுமா?

தனியாராகத் தொடங்க முடியாது. 1961 ஆம் ஆண்டுச் சட்டம் 5 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க இடம் தரவில்லை. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிந்து நடப்பது அதனால்தான். அந்த வழியில் போய்க் கட்டணப் பள்ளியாக்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். 1945 முதல் இலவசக் கல்வி கண்ட நாடு இது.

எனக்குத் தெரியும் வழிகள் இரண்டு. ஒன்று, வளாகத்தை அண்டிய, பிள்ளைகள் குறைந்துவரும் சிறிய அரச ஆரம்பப் பாடசாலை ஒன்றைக் கல்வித் திணைக்களமும் பல்கலைக்கழகமும் உடன்பட்டு இதற்கென ஆக்குவது. பாடத்திட்டம், ஆசிரியர் சம்பளம், சீருடை, புத்தகம் எல்லாம் அரசினது. ஆராய்ச்சியும் பயிற்சியும் பல்கலைக்கழகத்தினது. மூடப்படவிருக்கும் ஒரு பள்ளிக்கூடம் பிழைக்கவும் செய்யும். மற்றது, முன்பள்ளியாகத் தொடங்குவது. முன்பள்ளிகள் மாகாணத்தின் பொறுப்பு, எனவே கொழும்புக்கு நடக்க வேண்டியது குறைவு. மூன்று வயதில் தொடங்கி, பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளியும் வருடத்துக்கொரு வகுப்பாக வளரலாம்.

நான் முதலாவதையே விரும்புகிறேன். அந்தப் பாடசாலைகளில் ஏற்கெனவே வேப்பமரம் நிற்கிறது, கிணறு இருக்கிறது, ஊராரின் பாசம் இருக்கிறது.

வளாகத்தில் வேலைநிறுத்தம், ஆர்ப்பாட்டம் என்றால் பிள்ளைகளின் படிப்பும் நிற்குமா?

நிற்கக் கூடாது. தனி வாசல், தனி நாட்காட்டி, பாடசாலைத் தவணைப்படியே நடப்பது என்று முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். பெற்றோர் இதைக் கேட்பது மிகவும் நியாயம்.

நாங்கள் வந்து பார்க்கலாமா?

வரலாம். சனிக்கிழமை காலை எட்டரைக்கு. கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கள். முதல் நாள் பிள்ளைகளோடு பேச வேண்டாம், கதவடி வாங்கில் இருந்து பாருங்கள். தாகம் என்றால் குடத்தில் தண்ணீர் இருக்கும்.

இப்போது வருகிறவர்களுக்குப் பனங்கொட்டை வேலையைப் பார்க்கக் கிடைக்கும். ஆவணியில் பனம்பழம் பொறுக்கிய நாளில் ஒரு சின்னப் பெண் பிள்ளை கேட்டாள்: "கொட்டையைத் தலைகீழாய் வைச்சால் கிழங்கு மேலாலயா வரும்?" யாருக்கும் தெரியவில்லை. பாத்தி போடுகிற அயல்வீட்டு ஐயாவிடம் ஓடினார்கள். "எப்பிடி வைச்சாலும் கீழதான் போகும்" என்றார். "பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். ஐயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லைப் பிள்ளை, வைச்சுப் பாக்கேல்லை" என்று சொன்னார். அவரே மண்ணைக் கொத்திப் பாத்தி உயர்த்தித் தந்தார். பன்னிரண்டு கொட்டை. நாலு கண் மேலே, நாலு கண் பக்கவாட்டில், நாலு கண் கீழே. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஈர்க்குக் குத்தி, கடதாசியில் இலக்கம் எழுதி, மழைக்கு நனையாமல் பொலித்தீன் சுற்றியிருக்கிறார்கள். பொங்கல் கழிந்து கிண்டுவோம். அதுவரைக்கும் யாரும் அந்த மண்ணைத் தொடக் கூடாது என்பது அவர்களே போட்ட சட்டம். வருகிறவர்கள் பாத்தியைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.